புதுப் பல்லும் பழைய பல்லும்

2023 நவம்பர் 20, திங்கட்கிழமை, காலை மணி ஏழு பத்து. விடிய விடியப் பெய்த மழை ஆறரைக்குத்தான் விட்டிருந்தது. ஆற்றுப் பக்கமிருந்து சேற்று வாடையோடு காற்று வந்தது. வானம் இன்னும் கறுத்தே கிடந்தது. வாங்கி ஐந்தே நாளான காரில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். முகப்பில் எல்லா விளக்குகளும் எரிந்து ஒவ்வொன்றாக அணைந்தன. ஒன்று மட்டும் அணையவில்லை. எஞ்சின் படம் போட்ட சின்ன மஞ்சள் விளக்கு. கூடவே வண்டி, குளிர்சுரம் கண்டவனைப் போல நடுங்கியது.

அணைத்தேன். முப்பது வரை எண்ணிவிட்டு மறுபடி திருப்பினேன். மூன்று முறை அப்படிச் செய்தும் விளக்கு அசையவில்லை. பக்கத்தில் என் மனைவி சரோஜா கிளினிக் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்றைக்குப் போவோமா மாட்டோமா என்று மட்டும் கேட்டாள். அவளை வாடகைக் காரில் அனுப்பிவிட்டுத் திரும்பி வந்து, அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நான் வேலை பார்த்த தோட்டத்தில் இப்போது இருக்கும் பிள்ளைகள் எலிச் சேதம் எண்ணும் வேலையைப் பற்றி எழுதித் தரும்படி ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கைபேசியில் படம் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். எண்ணிக்கையை அலுவலகக் கணினியே போட்டுவிடுகிறதாம். நாங்கள் எப்படிச் செய்தோம் என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு ஆசை. எங்கே தொடங்குவது என்று தெரியாமல் தள்ளிப்போட்டு வந்தேன். அந்த மஞ்சள் விளக்கில் தொடங்குவதே சரி என்று இப்போது தோன்றுகிறது.

காரை எனக்கு விற்றவர் சின்னசாமி. மலேசியாவில் தஞ்சோங் காராங் பக்கம் நான் வெளிக்காட்டுக் கிராணியாக, மரங்களுக்கு நடுவே கணக்கெழுதுபவனாக, இருந்த செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் அவர் எலிமருந்து வைக்கும் கூட்டத்துக்கு மண்டோர், அதாவது கங்காணி. என்னைவிட ஏழு வயது இளையவர். சர்க்கரை நோயில் வலது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். இனிமேல் பிரேக்கை மிதிக்க அந்தக் காலை நம்ப முடியாது என்று காரை விற்கத் தீர்மானித்தார். உள்ளூர்த் தயாரிப்பு, வெள்ளை நிறம், பன்னிரண்டு வயது. எட்டாயிரம் வெள்ளி. அந்தப் பணம் ஜனவரியில் அவர் கடைசி மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு என்று எனக்குத் தெரியும். பேரம் பேசவில்லை. புதன்கிழமை பெயர் மாற்றினோம். வெள்ளிக்கிழமை மாலை கோயிலில் பூசை போட்டேன். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், முன்னால் செவ்வந்தி மாலை, தேங்காய். தோட்டத்து லோரிக்காரர்கள் புது வண்டிக்குச் செய்வதையெல்லாம் ஒன்று விடாமல் செய்தேன். சனியும் ஞாயிறும் மழை. வண்டியை எடுக்கவில்லை. திங்கட்கிழமை விளக்கு எரிந்தது.

பக்கத்து வீட்டு கணேசன் வாடகைக் கார் ஓட்டுபவர். வேலிக்கு அந்தப் பக்கமிருந்தே எட்டிப் பார்த்துவிட்டு வழி சொன்னார்.

"பேட்டரி வயரக் கழட்டி பத்து நிமிசம் கழிச்சி மாட்டுங்க சார். லைட்டு போயிரும். கார் விக்கிறவன் எல்லாம் அப்படித்தான் செய்வான். நாலு நாள் கழிச்சி வாங்குனவன் தலையில எரியும்."

அவர் சும்மா சொன்னார். எனக்கு அது நெஞ்சில் தைத்தது. நாலு நாள் கழித்து எரியும். எனக்கு ஐந்தாவது நாள் எரிந்திருக்கிறது.

சின்னசாமிக்குப் போன் போட்டேன். உடம்பு எப்படி, கால் எப்படி என்று கேட்காமல் எடுத்த எடுப்பில் கேட்டேன். விற்கிற சமயத்தில் இந்த விளக்கு எரியவில்லையா என்று. "எரியல கிராணி" என்றார். பிறகு, "வேணாம்னா கொண்டாந்து வுட்ருங்க. காசு இன்னும் அப்படியேதான் இருக்கு" என்றார். மெக்கானிக் என்ன சொல்கிறான் என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். வைத்த பிறகு அந்த வாக்கியம் எனக்கே பிடிக்கவில்லை. முப்பது வருடத்துக்கு மேலான பழக்கம். காரைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டால் அதோடு முடிந்தது. திருப்பாமல் வைத்துக்கொண்டு மனத்துக்குள் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தாலும் முடிந்ததுதான்.

ஆனால் பேட்டரி வயரைக் கழற்ற மட்டும் கை வரவில்லை. அதற்குக் காரணம், தோட்டத்தில் எனக்கு மேலே இருந்த மலாய்க்காரர் என்சிக் ரஹிம்.

நான் ஐந்தாம் படிவம் முடித்ததும் தோட்ட அலுவலகத்தில் சேர்ந்தேன். ஆறு மாதம் ஆள் பேர் போடும் செக்ரோல், ஒரு வருடம் எடைச்சாவடி, பிறகு வெளிக்காடு. படித்ததெல்லாம் அவ்வளவுதான். நான் வெளிக்காட்டுக்குப் போய் எட்டாம் வருடம் ரஹிம் உதவி மேனேஜராக வந்தார். நாற்பது வயது இருக்கும். ஒல்லியானவர், அதிகம் பேசமாட்டார். பூச்சி, எலி, களை எல்லாம் அவர் பொறுப்பு. தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயத்தில் இருந்தவர்கள் வழக்கம்போல் அவரையும் சின்ன தொரை என்றார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளமாட்டார்.

செம்பனையில் எலி என்ன செய்யும் என்பதை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பழுக்காத குலையின் மேல் ஏறி, முள்ளுக்கு நடுவே தலையை நுழைத்துக் காயைக் கரண்டும். எலிக்கு முன்பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். கரண்டாமல் விட்டால் பல் வளர்ந்து அதன் வாயே மூடிக்கொள்ளும் என்று ரஹிம்தான் எனக்குச் சொன்னார். பசிக்குக் கரண்டும், பசி இல்லாவிட்டாலும் கரண்டும். உள்ளங்கையில் அடங்கும் பிராணி ஒன்றுக்கு வாழ்நாள் முழுதும் இப்படி ஒரு வேலை கொடுத்துப் படைத்திருப்பதை எண்ணி நான் அன்றைக்கு அசந்துபோனேன். இன்றைக்கும் அந்த வியப்பு தீரவில்லை.

எண்ணும் முறை இதுதான். பத்து நிரைக்கு ஒரு நிரை. அந்த நிரையில் ஒரு மரம் விடாமல் பார்க்க வேண்டும். கரண்டிய காய் இருந்தால் அந்த மரம் கணக்கில் சேரும். நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போனால் மருந்து. மருந்து என்பது மெழுகில் பிடித்த சின்னச் சதுரக் கட்டி. மரத்தடிக்கு ஒன்று வைக்க வேண்டும். நான்கு நாள் கழித்துப் போய், தின்றிருந்த இடத்தில் மறுபடி ஒன்று. வைத்த நூறு கட்டியில் இருபதுக்கும் குறைவாகத் தின்னும் வரைக்கும் விடக்கூடாது.

ரஹிமுக்கு இந்தக் கணக்கு மட்டும் போதாது. கரண்டல் இருக்கிறது என்று நான் சொன்னால் அவர் நின்றுவிடுவார். அவருக்குத் தமிழில் தெரிந்த சொற்கள் மிகக் கொஞ்சம். அதில் இரண்டை ஒவ்வொரு மரத்தடியிலும் கேட்பார்: "புதுசா, பழசா?"

பதில் சொல்ல மண்டியிட வேண்டும். குலையின் முள் குத்தாமல் விரல்களைச் சேர்த்து உள்ளே விட்டு, கரண்டிய இடத்தைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்த வேண்டும். நேற்றிரவு கரண்டியதானால் எண்ணெய் கசிந்து நகம் மஞ்சளாகும், ஓரம் கூர்மையாக இருக்கும். இரண்டு நாளானால் ஓரம் பழுப்பாகும். ஒரு வாரமானால் கறுத்துக் காய்ந்து, நகம் பட்டால் தூள் உதிரும். பழசும் சேதம்தான், ஆனால் அதைச் செய்த எலி செத்துப்போயிருக்கலாம். புதுசு என்றால் எலி இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. ரஹிம் என் வார்த்தையை எடுத்துக்கொள்ளமாட்டார். தானும் மண்டியிடுவார், தானும் நகத்தை வைப்பார். அவர் காற்சட்டையில் இரண்டு முழங்காலிலும் போகாத ஒரு மண்கறை இருந்தது. மேனேஜர் வீட்டு விருந்துக்கும் அதே காற்சட்டைதான்.

அவர் போட்ட இன்னொரு கட்டளையும் உண்டு. எண்ணி முடிக்கும்வரை கரண்டிய குலையை யாரும் வெட்டக்கூடாது. வெட்டிவிட்டால் மரம் பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கும், ஆனால் எலி என்ன செய்தது என்று சொல்ல அங்கே ஒன்றும் மிஞ்சாது. பேட்டரி வயரைக் கழற்ற என் கை வராததற்கு இதுதான் காரணம்.

இனி பதினேழாம் நம்பர் நடவு என்ற மரப் பகுதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்தின் மேற்கு எல்லை அது. கால்வாயைத் தாண்டினால் நெல்வயல். அது அப்படியே செகிஞ்சான் ஊர் வரைக்கும் விரிந்து கிடக்கும். இளம் மரங்கள், குலை தரையைத் தொடுகிற உயரம். எலிக்கு ஏணி வேண்டியதில்லை. சின்னசாமி கூட்டம் அங்கே மூன்று சுற்று மருந்து வைத்தது. மூன்றாம் சுற்று முடிந்ததும் மேனேஜர் வேறு ஆட்களை அனுப்பி எண்ணச் சொன்னார். நூற்றுக்கு நாற்பது மரத்தில் சேதம் என்று வந்தது.

மேனேஜர் ஒரே முடிவுக்கு வந்தார். சின்னசாமி மருந்து வைக்கவே இல்லை, கால்வாயில் கொட்டிவிட்டான். அந்தக் காலத்தில் சில தோட்டங்களில் அப்படி நடந்ததும் உண்டு. கட்டிகளைச் சுமந்துகொண்டு ஒவ்வொரு மரத்தடிக்கும் குனிவதைவிடக் கால்வாயில் கவிழ்ப்பது சுலபம். சின்னசாமியின் மண்டோர் வேலை போகும் என்றார்கள். வேலை போனால் லயத்து வீடும் போகும். மூத்த பிள்ளை அப்போது கைக்குழந்தை. சின்னசாமி அலுவலகப் படியில் வந்து நின்றார். என்னிடம்தான் பேசினார்.

"கிராணி, நான் வெச்சேன். ஒரு மரம் வுடல."

எண்ணிப் பார்க்கிறோம் என்றேன்.

"எண்ணுறது இருக்கட்டும். நீங்க நம்புறீங்களா?"

எனக்குப் பார்க்காததைப் பற்றி ஆம் என்றும் சொல்லத் தெரியாது, இல்லை என்றும் சொல்லத் தெரியாது. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

ரஹிமும் நானும் இரண்டு நாள் அந்த நடவில் இருந்தோம். நல்ல வெயில். இந்த முறை ஒரு நிரைகூட விடாமல், இருநூற்றுப் பன்னிரண்டு மரம். ஒவ்வொன்றிலும் மண்டியிட்டு, நகம் வைத்து, புதுசா பழசா. முதல் நாள் மத்தியானமே எனக்கு ஏதோ புரியத் தொடங்கியது. நகம் வைத்த இடத்திலெல்லாம் தூள்தான் உதிர்ந்தது. எண்பத்தாறு மரத்தில் கரண்டல் இருந்தது. புதுசு ஒன்பதே ஒன்பது. அந்த ஒன்பதும் கால்வாயை ஒட்டிய முதல் இரண்டு நிரையிலேயே இருந்தன. மூன்றாம் நிரையிலிருந்து கிழக்கே ஒன்றுகூடப் புதுசு இல்லை.

ரஹிம் எழுந்து நின்று கால்வாய்க்கு அந்தப் பக்கம் பார்த்தார். நானும் பார்த்தேன். நெல் அறுத்து வயல் மொட்டையாகக் கிடந்தது. அங்கே இருந்த எலிகளுக்குச் சோறு போய்விட்டது. மருந்து தின்ற எலிகள் என்றைக்கோ செத்துவிட்டன. இவை வேறு எலிகள், ஒன்பது மரத்தளவுக்கு வந்து சேர்ந்த புதுக் குடிகள். எண்ணப் போன ஆட்கள் வடுவையும் புண்ணையும் ஒன்றாகச் சேர்த்து நாற்பது என்று எழுதிவிட்டார்கள். கண்ணுக்கு முன்னால் ஒரு வயலும் ஒரு கால்வாயும் ஒன்பது மரமும் நின்று ஒரு மனிதனுக்காகச் சாட்சி சொன்னதை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். ரஹிம் காற்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

மறுநாள் மேனேஜரை நடவுக்கே அழைத்து வந்தார். காகிதத்தை நீட்டவில்லை. ஒரு குலையைக் காட்டி, விரலை உள்ளே விட்டு அழுத்தச் சொன்னார். மேனேஜர் முள்ளுக்குப் பயந்து பயந்து அழுத்தினார். தூள். பிறகு முதல் நிரைக்குக் கூட்டிப்போய் இன்னொன்று. மேனேஜரின் நகம் மஞ்சளானது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே ஜீப்புக்குப் போனார். சின்னசாமியைப் பற்றிய பேச்சு அதோடு நின்றது.

அடுத்த வருடம் அதே எல்லையில், எலி தின்னும் ஆந்தைகள் குடியேற, கம்பம் நட்டு ஆந்தைப் பெட்டிகள் வைத்தோம். லயத்தில் எதிர்ப்பு. ஆந்தை அலறினால் வீட்டில் சாவு விழும் என்று பயந்தார்கள். முதல் பெட்டியைத் தோளில் தூக்கிப்போய் ஏற்றியது சின்னசாமிதான். எலியால் போக இருந்த வேலை ஆந்தையால் நிலைக்கட்டும் என்று சிரித்தார். வெள்ளை முகத்து ஆந்தை எலியை முழுசாக விழுங்கி, மயிரையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடும். ஒரு நாள் பெட்டியடியில் கிடந்த உருண்டையை உடைத்துப் பார்த்தேன். உள்ளே இரண்டு எலி மண்டையோடுகள், ஒரு கீறல் இல்லாமல், பல்லோடு. அதற்குப் பிறகு பார்த்த இடத்திலெல்லாம் உடைத்து எண்ணினேன். ஆந்தை பொய்க் கணக்கு எழுதாது என்று ரஹிம் ஒருமுறை சொன்னார். அவர் சொன்ன ஒரே வேடிக்கைப் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். இரண்டு வருடம் கழித்து மாற்றலாகிப் போனார். இப்போது உயிரோடு இல்லை.

திங்கட்கிழமைக்குத் திரும்புகிறேன். மத்தியானம் காரை மெல்ல உருட்டிக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் பாசிர் பெனம்பாங் என்ற மீனவர் ஊருக்குப் போனேன். அங்கே சீன மெக்கானிக் ஆ கியோங்கின் பட்டறை. படகு எஞ்சின், கார் எஞ்சின் இரண்டும் பார்ப்பான். சின்ன வயதில் தோட்டக் கடையில் வளர்ந்தவன். தமிழ் பேசுவான், சீனர் வழக்கப்படி கடைசியில் ஒரு 'லா' சேர்த்து. நடுங்கும் சத்தத்தைக் கேட்டதுமே சொல்லிவிட்டான்.

"அங்கிள், நாலு பேரு இழுக்கிற வண்டிய மூணு பேரு இழுக்கிறான் லா."

ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு பிளக்கைச் சொருகினான். கையில் சின்னத் திரை. பி 0202 என்று வந்தது. நான்கு சிலிண்டரில் இரண்டாவதற்குப் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டரின் மின்பாதை அறுந்திருக்கிறது என்று அர்த்தமாம். யாராவது பேட்டரியைக் கழற்றினார்களா என்று கேட்டான். இல்லை என்றேன். "நல்லதாப் போச்சி. கழட்டியிருந்தா இது கெடைக்காது" என்று இன்னொரு பக்கத்தைத் தட்டினான்.

நான் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு படித்தேன். விளக்கு எரிந்த அந்தக் கணத்தில் கார் எப்படி இருந்தது என்று காரே எழுதி வைத்திருந்தது. வேகம் பூஜ்யம். எஞ்சின் தண்ணீரின் சூடு இருபத்தாறு. எஞ்சின் ஓடத் தொடங்கி நான்கு நொடி. மழை விட்ட அந்தக் காலை, குளிர்ந்து கிடந்த எஞ்சின், நான் சாவியைத் திருப்பியது எல்லாம் அதில் இருந்தது. முப்பது வருடம் நான் மண்டியிட்டு மண்டியிட்டுச் சேர்த்ததை ஓர் இரும்புப் பெட்டி, யாரும் கேட்காமலே, நான்கு நொடியில் குறித்து வைத்திருக்கிறது. இன்னொரு முறை காட்டச் சொன்னேன். சிரித்துக்கொண்டே காட்டினான். மூன்றாவது முறையும் கேட்டேன்.

பிறகு எனக்கு வேண்டியதைக் கேட்டேன். எனக்கு விற்பதற்கு முன்னால் யாராவது இந்த ஞாபகத்தை அழித்திருக்கிறார்களா? அவன் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, சொல்ல முடியாது என்றான். புதிய கார்கள் அதையும் எழுதி வைக்குமாம். இது பழைய கார், அவ்வளவு தூரம் எழுதாது.

அவன் போனட்டைத் திறந்து, எஞ்சினுக்கு மேலிருந்த மூடியையும் காற்று வடிகட்டிப் பெட்டியையும் கழற்றினான். பெட்டியின் அடியில் கையை விட்டு அள்ளிப் போட்டான். செம்பனைக் கொட்டைகள். ஒரு கைப்பிடி.

"எலி லா, அங்கிள். இந்தா பாருங்க, வயரு துண்டு. பழைய ஓனர் எஸ்டேட்காரனா?"

ஆமாம் என்றேன். என் வீட்டைச் சுற்றிச் செம்பனை கிடையாது. சின்னசாமி வீட்டுக்குப் பின்னால் வேலியே செம்பனைதான். எலி அங்கேயே குடியிருந்திருக்கிறது. பாதி கடித்த வயரோடு எனக்குத் தந்திருக்கிறார், அது இங்கே வந்து அறுந்திருக்கிறது. அவருக்குத் தெரிந்தே இருக்கும். எலிமருந்து மண்டோருக்கு எலி இருப்பது தெரியாமல் போகுமா? இவ்வளவும் எனக்குள் ஓடியது. எட்டாயிரத்தைத் திருப்பி வாங்கும்போது அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்பதுவரை யோசித்துவிட்டேன்.

ஆ கியோங் புது வயர் எடுக்க உள்ளே போனான். நான் தனியாக நின்றேன். அப்போதுதான் ரஹிம் கேட்கும் அந்த இரண்டு சொற்களும் நினைவுக்கு வந்தன. நாற்பது என்று எழுதிய ஆட்களைப் போலத்தானே நானும் இப்போது நிற்கிறேன்? கரண்டல் இருக்கிறது. புதுசா, பழசா?

பம்பரில் முழங்காலை ஊன்றிக் குனிந்தேன். முதலில் கொட்டைகள். கையில் எடுத்தேன். இறகு போல லேசாக இருந்தன. காய்ந்து, உள்ளே ஒன்றும் இல்லாமல், வெளுத்து, ஓரங்களில் எஞ்சின் தூசி படிந்து. பழசு, பல மாதப் பழசு. வடிகட்டிப் பெட்டியின் பிளாஸ்டிக் விளிம்பில் பல் தடங்கள். அவற்றின் பள்ளத்திலும் கறுப்புத் தூசி. அதுவும் பழசு. பிறகு அறுந்த வயரின் முனையை வெளிச்சத்துக்குத் திருப்பினேன். உள்ளே இருந்த செம்புக் கம்பிகள் புதுக் காசு போல மின்னின. ஒரு கம்பியிலும் பழுப்பு இல்லை. உறையில் நான்கு பல் தடம். உள்பக்கம் வெள்ளை வெளேரென்று, ஒரு பொட்டுத் தூசி இல்லாமல். நகத்தை வைத்தேன். ஓரம் கூர்மையாகக் குத்தியது.

புதுசு. இரண்டு மூன்று இரவுக்கு மேல் இல்லை. அந்த இரவுகளில் கார் என் வீட்டு வாசலில் நின்றது.

என் வீட்டில் கார் நிறுத்தும் இடத்தில் எலி வந்ததே இல்லை. வருவதற்கு அங்கே தீனி கிடையாது. பேட்டரிக்குப் பக்கத்துச் சந்தில் கையை விட்டேன். ஈரமான வெற்றிலை ஒன்று வந்தது. பிறகு பொரி நாலைந்து. பிறகு ஒரு தேங்காய்க் கீற்று, உள்ளே இருந்த வெள்ளையெல்லாம் வரிவரியாகக் கரண்டப்பட்டு.

தோட்டத்து லோரிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புது வண்டிக்குப் பூசை போட்ட இரவு, எஞ்சின் ஆறிய பிறகு, வெற்றிலையில் ஒரு கீற்றுத் தேங்காயும் ஒரு பிடி பொரியும் வைத்து போனட்டுக்குள் வைப்பார்கள். எஞ்சினுக்குப் பங்கு என்பார்கள். மறுநாள் காலை, வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால் எடுத்துக் காக்காய்க்குப் போட்டுவிட வேண்டும். வெள்ளிக்கிழமை இரவு ஒன்று விடாமல் செய்தேன் என்று சொன்னேன் அல்லவா? வைத்தேன். சனிக்கிழமை மழை. எடுக்க மறந்துவிட்டேன். மூன்று இரவு.

முப்பது வருடத்துக்கு மேல், மரத்தடிக்கு ஒரு கட்டி என்று எலிக்குத் தீனி வைக்க ஆள் அனுப்பிய கிராணி நான். எலி எதற்கு வரும், எந்த மூலைக்கு வரும், எத்தனை இரவில் வரும் என்று எனக்குத் தெரியாதா? சொந்தக் காரில், மூடிய இடத்தில், மழைக்கு நனையாத இடத்தில், தேங்காய். அதைவிட நல்ல இடம் நானே தேடினாலும் கிடைக்காது. ஒரு கையில் அந்தக் கீற்றையும் மறு கையில் வயரையும் வைத்துக்கொண்டு நான் நின்ற நிலையைப் பார்த்து ஆ கியோங், நெஞ்சு வலியா அங்கிள் என்று கேட்டான்.

வயர் மாற்றி, மேலே தடித்த உறை போட்டு, வடிகட்டியும் புதுசு வைத்தான். சாவியைத் திருப்பினேன். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. மஞ்சளும் அணைந்தது. வெட்டி எடுத்த வயர் முனையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வீட்டுக்குப் போகாமல் நேரே தஞ்சோங் காராங்குக்கு ஓட்டினேன்.

சின்னசாமி கட்டுப்போட்ட காலை நாற்காலியில் நீட்டி வைத்து வாசலில் உட்கார்ந்திருந்தார். மேசைமேல் ஒரு தடித்த காகித உறை. "எண்ணிப் பாத்துக்குங்க கிராணி" என்று அதை என் பக்கம் தள்ளினார். அது எட்டாயிரம் என்று எண்ணாமலே எனக்குத் தெரிந்தது. அதைத் தொடாமல் பையிலிருந்த வயரை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

அவர் அதை வெளிச்சத்துக்குத் திருப்பினார். கட்டைவிரல் நகத்தைப் பல் தடத்தில் வைத்து அழுத்தினார்.

"புதுசு" என்றார்.

ஆமாம் என்றேன். பெட்டிக்குள் இருந்த கொட்டைகளைச் சொன்னேன். அது போன வருடத்துக் கதை என்றார். அப்போது எலி வந்ததாம், பூனை வளர்த்த பிறகு வரவில்லையாம், வயரில் வாய் வைத்ததே இல்லையாம். பிறகு தேங்காயைச் சொன்னேன். வெற்றிலை, பொரி, மூன்று இரவு, எல்லாவற்றையும். அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது.

"ஏன் கிராணி, இத்தன வருசம் எங்களைத் தீனியில மருந்து கலந்து வெக்கச் சொன்னீங்க. நீங்க மட்டும் மருந்தில்லாம வெறும் தீனி வெச்சிருக்கீங்களே. எலி உங்கள வாழ்த்தும்."

உள்ளிருந்து அவர் மகள் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். கார்மேல் ஒரு ஆந்தைப் பெட்டி கட்டித் தரட்டுமா என்றும் கேட்டார்.

சிரிப்பு அடங்கிய பிறகு நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். காலையில் போனில் நான் கேட்ட கேள்விக்கு என்ன அர்த்தம் என்று சொன்னேன். குரலிலேயே தெரிந்தது என்றார். அலுவலகப் படியில் அன்று அவர் கேட்டதற்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை என்றேன்.

"அன்னைக்கும் நான் நம்பல சின்னசாமி. இன்னைக்கும் எண்ணிப் பாத்துட்டுத்தான் இங்க வந்தேன்."

அவர் உறையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வயர் துண்டு இன்னும் விரலுக்கு நடுவில் இருந்தது.

"நீங்க நம்பி என்ன ஆயிருக்கும் கிராணி? கிராணி நம்புறாருன்னு சொன்னா அந்த மேனேஜரு என்னைய வுட்டிருப்பானா? நீங்க ரெண்டு பேரும் வெயில்ல ரெண்டு நாள் முட்டி போட்டீங்க. கால்வா அந்தப் பக்கம் நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

இது எனக்குத் தெரியாது. ரஹிமுக்கும் தெரிந்திருக்காது. அறுத்த வயலில் ஒரு மனிதன் இரண்டு நாள் நின்று, இருநூற்றுப் பன்னிரண்டு மரத்தடியிலும் நாங்கள் குனிந்து எழுவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். நாங்கள் மரத்தை எண்ணிக்கொண்டிருந்தபோது அவன் எங்களை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான்.

மகள் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். குடித்துவிட்டு இருட்டுவதற்குள் வீடு வந்து சேர்ந்தேன். விளக்கு எரியவில்லை. இறங்கியதும் போனட்டைத் திறந்து பேட்டரிப் பக்கத்துச் சந்தை ஈரத்துணியால் துடைத்தேன்.

காரின் ஞாபகத்தைப் படித்ததற்கு முப்பது வெள்ளி, வயரும் உறையும் கூலியும் தொண்ணூறு, வடிகட்டி முப்பத்தைந்து, தேங்காய் மூன்று வெள்ளி ஐம்பது சென், பொரி இரண்டு. எலிக்கு நான் வைத்த விருந்தோடு சேர்த்து மொத்தம் நூற்று அறுபது வெள்ளி ஐம்பது சென்.